முதல் பாதி மூத்தவளுக்கு

வாரப் பத்திரிகையின் கடைசிக்கு முந்தைய பக்கத்தில் இந்திப் பட விமர்சனம் வரும். பக்கத்தின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு இருக்கும். கோட்டுக்கு இடப்பக்கம் 'மூத்தவள்' எழுதுவாள், வலப்பக்கம் 'இளையவள்'. மூத்தவள் இடைவேளை வரைக்கும் நடந்ததை எழுதிவிட்டு, கடைசிப் பத்தியில் இந்தப் படம் இப்படித்தான் முடியும் என்று அடித்துச் சொல்வாள். இளையவள் இடைவேளைக்குப் பிறகான பாதியைப் பற்றி எழுதி, அக்கா சொன்னது நடந்தது அல்லது நடக்கவில்லை என்று ஒரு வரியில் முடிப்பாள். நடக்கவில்லை என்றால் வேறு என்ன நடந்தது என்பதை எழுதமாட்டாள். அதைத் தெரிந்துகொள்ளப் படத்துக்குத்தான் போக வேண்டும்.

இப்படி ஒரு விமர்சனம் எழுத வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து திட்டம் போடவில்லை. மூத்தவளுக்குப் பாதியில் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அக்காவும் தங்கையும் சிறு வயதில் குடியிருந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் இந்தி பேசுகிற குடும்பம் இருந்தது. அந்த வீட்டுப் பெண்களோடு விளையாடி, சண்டை போட்டு, வசவு கற்று, பிறகு மொழியும் கற்றுக்கொண்டார்கள். பெரியவர்களான பின்பு, தங்கை வேலை பார்த்த துணிக்கடைக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்பதால், அன்று மதியக் காட்சிக்கு இருவரும் போவார்கள். காதல் படம், குடும்பப் படம், இரண்டுதான் கணக்கு. சுவரொட்டியில் துப்பாக்கி இருந்தால் அந்தத் திங்கட்கிழமை வீட்டிலேயே கழியும். அக்காவின் மகள் பள்ளி விட்டு வருகிற நேரமும் படத்தின் இடைவேளையும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. லிஃப்ட் மெக்கானிக்கான அத்தான், ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குப் போகிற வழியில், கம்பெனி வண்டியை தியேட்டர் வாசலில் நிறுத்துவார். அக்கா ஏறிக்கொண்டு போய்விடுவாள். பாக்கிப் படத்தைத் தங்கை தனியாகப் பார்ப்பாள்.

பிறகு மகள் படித்து முடித்தாள், கல்யாணம் ஆகி வெளியூர் போனாள். அக்கா மட்டும் இடைவேளை விளக்கு எரிந்ததும் புடவையை உதறிக்கொண்டு எழுந்துவிடுவாள்.

"இனிமே யாரு வரப்போறா வீட்டுக்கு? உக்காரேன்க்கா" என்று தங்கை இழுத்திருக்கிறாள்.

"பாதிப் படமே பழகிருச்சுடி. முழுசாப் பார்த்தா எனக்கு ஜீரணமாகாது."

அத்தானும் வண்டியோடு வாசலில் நிற்பார். பாதியில் நிற்கிற லிஃப்ட்டில் மாட்டினவங்களை இறக்கி வெளியே கொண்டுவருவதுதானே உங்க அத்தான் தொழில், என்பாள் அக்கா.

வாசகர்கள் அக்காவுக்கு ஜோசியக்காரி என்று பட்டம் கொடுத்திருந்தார்கள். ஆனால் அவள் சொன்ன முடிவுகள் பலிப்பது குறைவு. காரணம் எளிது. அவள் சொல்லும் முடிவுகளில் யாரும் மயங்கி விழமாட்டார்கள், லாரி வராது, ஆஸ்பத்திரி வராது. இரண்டு பேரில் ஒருவர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசிவிடுவார், சிக்கல் அவிழ்ந்துவிடும். "இவங்க ரெண்டு பேரும் அஞ்சு நிமிஷம் பேசினா தீர்ற விஷயம். இடைவேளைக்கு அப்புறமாவது பேசிருவாங்கன்னு ஒரு நம்பிக்கை" என்பாள். பெரும்பாலும் பேசமாட்டார்கள். பேசினால் படம் எப்படி ஓடும்?

அக்கா இறந்தது காய்ச்சலில். சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை போட்டுக்கொண்டாள். அது ரத்தத்தில் பரவியது. ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு நடந்ததெல்லாம் டாக்டர்களுக்குத்தான் புரிந்தது. படத்தில் இப்படி ஒரு சாவு வந்திருந்தால், கதையில் வலு இல்லை என்று இருவருமே எழுதியிருப்பார்கள்.

சில வாரங்கள் அந்தப் பக்கத்தில் சமையலறைச் சாமான் விளம்பரம் வந்தது. பிறகு பத்திரிகை ஆசிரியர் கூப்பிட்டு அனுப்பினார்.

அலுவலகம் ஒரு அச்சகத்தின் மாடியில் இருந்தது. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு ஒரு வாளி வைத்திருந்தார்கள். ஆசிரியர் நல்ல மனிதர்தான். இழவு வீட்டுக்கு வந்து கடைசி வரை நின்றவர். தேநீர் வரவழைத்துக் கொடுத்துவிட்டு, மேஜை மேலிருந்த கடிதங்களைத் தள்ளி இடம் செய்துகொண்டார்.

"மேடம், எல்லாரும் கேக்கறாங்க. எப்ப வரும், எப்ப வரும்னு. திரும்ப ஆரம்பிச்சிடலாமா?"

"நான் மட்டுமா?"

"அதைத்தான் யோசிச்சேன். மூத்தவள்ங்கிறது ஒரு பேர்தானே? யாரு என்னன்னு வாசகர்களுக்குத் தெரியாது. ரெண்டு பக்கத்தையும் நீங்களே எழுதிடுங்களேன். அவங்க நடை உங்களுக்குத் தெரியாததா?"

"அக்கா எழுதின மாதிரியா?"

"மாதிரிதான். பொய்னு எடுத்துக்காதீங்க."

"வேற எப்படி சார் எடுத்துக்கறது?"

ஆசிரியர் சிரித்து, தலையைச் சொறிந்தார். "சரி. அப்ப கோட்டை எடுத்துடுவோம். முழுப் பக்கமும் நீங்க. ஆனா ஒண்ணு சொல்றேன், மனசுல வெச்சுக்காதீங்க. முழுப் படம் பார்த்து முழு விமர்சனம் எழுதுறவங்க எல்லா இடத்துலயும் இருக்காங்க. இந்தப் பக்கத்தை ஜனங்க தேடினதே அந்தக் கோட்டுக்காகத்தான். கோடு இல்லேன்னா, நம்ம ராசிபலன் எழுதறவரே இந்தியும் தெரியும் எனக்குங்கறார். ராசிபலன் பக்கமும் இந்தப் பக்கமும் சேர்ந்தாப்ல அவருக்கே போயிடும்."

"அவர் முடிவையும் முதல்லயே சொல்லிடுவார்."

"அதான் பயம்" என்றார் ஆசிரியர். "புதன்கிழமைக்குள்ள ஒரு வழி சொல்லுங்க மேடம்."

படி இறங்கும்போது அவளுக்கு விஷயம் தெளிவாகத்தான் இருந்தது. கோட்டை எடுத்தால் அக்கா இருந்த இடமே இருக்காது. கோட்டை வைத்துக்கொண்டு தானே எழுதினால், அந்த இடத்தில் அக்கா வேஷத்தில் இவள் இருப்பாள். இரண்டில் எதற்கும் மனம் ஒப்பவில்லை. இரண்டும் வேண்டாம் என்று விட்டுவிடவும் முடியவில்லை. அக்காவும் அவளும் சேர்ந்து செய்ததில் இன்னும் உயிரோடு இருக்கக்கூடியது அது ஒன்றுதான்.

மறுநாள் கடையின் பின்கட்டில், ஆல்டரேஷன் மேஜையில், வேலைக்கு நடுவே எழுதிப் பார்த்தாள். அக்கா போன பிறகு தனியாகப் போய்ப் பார்த்த ஒரு படம் இருந்தது. பழுப்புத் தாளில் ஒரு கோடு கிழித்தாள். இடப்பக்கத்தில் பென்சிலை வைத்ததும் வாக்கியம் தானாக வந்தது: 'மாமனார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தால், மருமகள் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.'

அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். அது அப்படியே அக்கா. கடையில் தங்கையின் வேலையே அதுதானே. எவரோ தைத்த சட்டையைப் பிரித்து, குறைத்தோ கூட்டியோ, பழைய தையலைப் போலவே தையல் போட்டுக் கொடுக்க வேண்டும். கை வைத்தது தெரியக்கூடாது. தெரிந்தால் வாடிக்கையாளர் திட்டுவார். இத்தனை வருஷத்தில் யாரும் திட்டியதில்லை.

இடப்பக்கம் முழுவதும் சரசரவென்று வந்தது. கடைசிப் பத்தியில் நின்றுவிட்டது. முடிவைச் சொல்ல வேண்டும். ஆனால் முடிவு அவளுக்குத் தெரியும். அவள்தான் கடைசி வரை உட்கார்ந்து பார்த்தாளே. தெரிந்துகொண்டே தெரியாதவள் மாதிரி ஊகிக்க வேண்டும். அக்காவின் ஊகம் தவறியதெல்லாம் நிஜமாகவே நம்பித் தவறியது. இவள் தவறுவதானால் வேண்டுமென்றே தவற வேண்டும். அங்கேதான் அக்காவின் நடை கைவிட்டது. தாளை நான்காக மடித்துச் சாக்பீஸ் டப்பாவுக்கு அடியில் தள்ளிவிட்டு, வரிசையில் காத்திருந்த கால்சட்டையை எடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அத்தான் வீட்டுக்குப் போனாள். சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாளை விரித்து, மிக்ஸியைப் பிரித்துப் போட்டிருந்தார்.

"வா குட்டி. சாப்பிட்டியா?" அவளுக்கு ஐம்பது தாண்டியும் அத்தானுக்கு அவள் குட்டிதான்.

"ஆச்சு அத்தான். மிக்ஸிக்கு என்ன கேடு?"

"ஒரு கேடும் இல்ல. நல்லாத்தான் ஓடிச்சு. சும்மா பிரிச்சேன்."

"ஓடறதைப் பிரிப்பாங்களா?"

"ஓடாததை எல்லாம் ஏற்கெனவே பிரிச்சாச்சு."

அவள் உட்கார்ந்து ஆசிரியர் சொன்னதைச் சொன்னாள். அத்தான் கேட்டுக்கொண்டே ஒரு ஸ்க்ரூவை எண்ணெயில் போட்டார்.

"இதுல என்ன கஷ்டம்? உங்க அக்கா என்ன சொல்வான்னு எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு படத்தையும் வண்டியில வரும்போது விடாம சொல்லுவா. சிக்னல்ல பச்சை விழுந்தாக்கூட, இருங்க, இதை முடிச்சிடறேன்னு சொல்லுவா. நான் சொல்றேன், நீ எழுது."

"நீங்க ஒரு இந்திப் படம் பார்த்திருக்கீங்களா?"

"எதுக்குப் பார்க்கணும்? எல்லாக் கதையும் எனக்குத் தெரியும். அந்த டீச்சர் பொண்ணு படம். உடம்புக்கு வந்துட்டுதுன்னு அவன்கிட்டச் சொல்லாமலே மலைப்பக்கம் போயிடுவாளே? உங்க அக்கா வண்டியில கண்ணைத் துடைச்சுட்டே வந்தா. அவன் தேடிப் போவான். ஏன்டி சொல்லலைன்னு ஒரே ஒரு வார்த்தை கேப்பான். அவளும் வைத்தியம் பார்த்துக்கிட்டு நல்லபடியாத் திரும்பிடுவா. நல்ல படம்."

"அவ செத்துட்டாளே அத்தான்."

சொன்ன பிறகுதான், சொல்லியிருக்க வேண்டாமோ என்று அவளுக்குத் தோன்றியது.

"யாரு?"

"டீச்சர். அவன் போய்ச் சேர்றதுக்குள்ள."

ஸ்க்ரூடிரைவர் அப்படியே நின்றது. "பிழைச்சுட்டான்னு உங்க அக்கா சொன்னாளே."

"அக்கா அதுவரைக்கும் பார்க்கலையே அத்தான். ஊகிச்சுச் சொன்னா. நான்தான் பேப்பர்ல எழுதினேனே, அக்கா சொன்னது நடக்கலைன்னு."

"உன் பக்கத்தை நான் படிச்சதே இல்லியே" என்றார் அத்தான்.

"என்னது?"

"தப்பா நினைக்காதே. அவ பக்கம் முடிஞ்சா கதையும் முடிஞ்சிடும். அதுக்கப்புறம் என்ன இருக்கு படிக்க?"

இத்தனை வருஷம் ஒரே பக்கத்தில் பாதியை எழுதியவள் அவள். சொந்த அத்தான் அதில் ஒரு வரி படித்ததில்லை. கோபம்தான் வந்திருக்க வேண்டும், ஆனால் சிரிப்பு வந்துவிட்டது. அத்தான் சிரிக்கவில்லை. மிக்ஸியின் ஜாரைத் தள்ளி வைத்துவிட்டு நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"அண்ணன் தம்பி ரெண்டு பேரும் வீட்டுக்கு நடுவுல சுவர் எழுப்பினாங்களே. இடிச்சாங்களா இல்லியா?"

"இடிஞ்சுது."

"பரவால்ல."

"அம்மா மேல."

"அடப்பாவிகளா! கப்பல்ல போனானே ஒருத்தன், அவன்?"

"வந்துட்டான்."

"வந்தானா? உங்க அக்காவும் அதான் சொன்னா."

"கூட ஒருத்தியையும் கூட்டிட்டு வந்தான்."

"அந்த ரேடியோக்காரிக்கும் டாக்டருக்கும் கல்யாணம்?"

"அது ஆச்சு, அத்தான். அது அக்கா சொன்ன மாதிரியே."

"நிஜமாவா? எனக்காகச் சொல்லலையே?"

"நிஜமா. அன்னிக்கு நான் எழுதினேன், ஜோசியம் பலிச்சதுன்னு."

அவர் எழுந்து போய் அடுப்பில் தண்ணீர் வைத்தார். டீத்தூள் டப்பாவைத் தேடினார். அது எப்போதும் இருக்கிற இடத்தில்தான் இருந்தது. முதுகைக் காட்டிக்கொண்டு பேசினார்.

"நாலஞ்சு கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும், குட்டி. லிஃப்ட் குழிக்குள்ள உக்காந்து வேலை பார்க்கையில அதை எல்லாம் நினைச்சுக்குவேன். அந்த டீச்சர் திரும்பி வந்து பள்ளிக்கூடத்துல பாடம் நடத்துறதைக்கூட நினைச்சிருக்கேன்."

"அது படத்துல இல்லவே இல்ல அத்தான்."

"தெரியுது."

இருவரும் டீயைக் குடித்து முடித்தார்கள். பிறகு அத்தான், "புதுப் படம் ஏதாவது வந்திருக்கா?" என்றார்.

"ஒண்ணு வந்திருக்கு. குடும்பப் படம்தான். நாளைக்குப் போகலாம்னு இருக்கேன்."

"நானும் வரேன்."

அவளுக்குச் சட்டென்று ஒரு வழி தெரிந்தது. "வாங்க. இடைவேளை வரைக்கும் நீங்க பாருங்க, நான் காதோரமா அர்த்தம் சொல்றேன். அப்புறம் வெளிய போய் உக்காந்து முடிவை நீங்களே சொல்லுங்க. இடப்பக்கத்துல 'அத்தான்'னு போட்டுடறேன். அக்கா மாதிரியே சொல்லணும்னு இல்ல. உங்களுக்குத் தோணினதைச் சொன்னாப் போதும்."

"பார்க்கலாம்" என்றார் அவர். மிக்ஸியை மறுபடி பூட்டத் தொடங்கினார்.

அக்காவோடு அந்த நாளில் போன பழைய தியேட்டர் இப்போது நாற்காலி மேஜை விற்கிற கடை. இந்தப் படம் ஓடிய புதிய தியேட்டர் ஒரு கடைவளாகத்தின் உச்சியில் இருந்தது; அவளுக்கும் அங்கே அதுதான் முதல் தடவை. மேலே போகும்போது அத்தான் லிஃப்ட்டின் கதவையே பார்த்துக்கொண்டு வந்தார். "சென்சார் தூங்குது. கதவு ஒருநாள் யாரையாவது கடிக்கும்" என்றார். கூட வந்தவர்கள் கொஞ்சம் உள்ளே ஒதுங்கினார்கள்.

அரங்கில் பாதி இருக்கைகள் காலி. படம் இதுதான்: பணக்கார வீடு. மகன் அப்பா சொல் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டு வீட்டைவிட்டுப் போனவன். அப்பா அவன் பேரைக்கூட வீட்டில் எடுக்க விடுவதில்லை. இப்போது மகளுக்குக் கல்யாணம். அம்மா யாருக்கும் தெரியாமல் அந்த மகனையே கல்யாணத்துக்குப் படம் பிடிக்கிற போட்டோகிராபராக ஏற்பாடு செய்துவிடுகிறாள். தாடியும் தொப்பியுமாக அவன் சொந்த வீட்டுக்குள் கேமராவோடு நுழைகிறான். வேலைக்காரர்கள் உட்பட எல்லோருக்கும் அடையாளம் தெரிகிறது. அப்பாவுக்கு மட்டும் தெரியவில்லை, அல்லது தெரியாத மாதிரி இருக்கிறார்.

அவள் அத்தான் காதில் அர்த்தம் சொல்லிக்கொண்டே வந்தாள். அத்தானுக்குக் கிசுகிசுக்கத் தெரியாது. மோட்டார் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகியவர்.

"அந்தம்மா ஏன் தூங்கறப்பவும் இவ்வளவு நகையோட இருக்கு?"

"மெதுவா அத்தான். திடீர்னு கஷ்டம் வந்தா கழட்டிக் குடுக்கணும்ல."

"கல்யாணப் பொண்ணு அழறாளே, எதுக்கு?"

"அவளுக்கும் தெரிஞ்சுபோச்சு, அண்ணன்னு."

"அப்ப எல்லாருக்கும் தெரியும். கிழவனுக்கும் தெரியும். ஆளாளுக்குத் தெரியாத மாதிரி நடிக்கிறானுங்க."

முன்வரிசையிலிருந்து ஒருவர் திரும்பி, "சார், கொஞ்சம்" என்றார். அத்தான் அவரிடம் தலையாட்டி மன்னிப்புக் கேட்டுவிட்டு, "உங்களுக்கும் தெரியும்தானே?" என்றார்.

மணப்பெண்ணின் ரவிக்கையில் பின்கழுத்து ஒரு ஷாட்டில் வட்டமாகவும் அடுத்த ஷாட்டில் சதுரமாகவும் இருந்ததை அவள் மனதில் குறித்துக்கொண்டாள். அந்த மாதிரி விஷயம் எப்போதும் அவளுடைய பக்கத்துக்கு உரியது. அக்கா துணியைப் பார்க்கமாட்டாள், முகத்தைப் பார்ப்பாள்.

பிறகு குடும்பப் படம் எடுக்கும் காட்சி வந்தது. அப்பா நடுவில் வந்து நிற்கிறார். மகன் கேமராவுக்குப் பின்னால் இருக்கிறான். கொஞ்சம் இடப்பக்கம் நகருங்கள் என்று அவன் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். அவன் கையால் காட்டுகிறான். அப்பா நகரவில்லை. லென்ஸையே பார்க்கிறார். திரையில் அவர் முகம் பெரிதாகிக்கொண்டே போய் நின்றது. அதன் மேல் இடைவேளை என்று இந்தியில் எழுத்து விழுந்தது.

அவள் விளக்கு எரியும் என்று காத்திருந்தாள். எரியவில்லை. இந்த தியேட்டரில் இடைவேளை விடுவதில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. எழுத்து ஒரு மூச்சு நேரம் நின்றது, மறைந்தது, அடுத்த காட்சியில் யாரோ படியிறங்கிக்கொண்டிருந்தார்கள்.

அவள் அத்தான் கையைப் பிடித்தாள். "எழுந்திருங்க. சீக்கிரம்."

"எதுக்கு?"

"இடைவேளை. இதோட நீங்க வெளிய போகணும்."

"எங்கே விட்டான் இடைவேளை?"

"விட்டாச்சு. எழுத்து வந்துச்சே. திரையைப் பார்க்காதீங்க அத்தான், என்னைப் பாருங்க."

அத்தான் அவளைப் பார்க்கவில்லை. இருக்கையில் இன்னும் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "நான் வரலை குட்டி."

"அப்படிப் பேசிட்டுத்தானே வந்தோம்?"

"நீதான் பேசின. நான் பார்க்கலாம்னேன். பார்க்கத்தான் வந்தேன்." இப்போது அவர் குரல் உண்மையாகவே தாழ்ந்திருந்தது. "ஒரு படமாவது கடைசி வரைக்கும் பார்த்துடறேன். எவ்வளவு மோசமா முடிச்சாலும் சரி."

"உங்களுக்கு இந்தி தெரியாதே."

"அழறதுக்கு இந்தி எதுக்கு?"

அவள் பாதி எழுந்த நிலையில் நின்றாள். பின்னாலிருந்து யாரோ, உட்காருங்கம்மா என்றார்கள். உட்கார்ந்திருக்கலாம். வழக்கமாக அவள் உட்காருகிறவள்தான். ஆனால் உட்கார்ந்தால் இருவருமே முடிவு தெரிந்தவர்களாகிவிடுவார்கள். இடப்பக்கத்துக்கு ஆள் இருக்காது. திரையில் அந்த அப்பா ஒரு கதவைத் தட்டக் கை ஓங்கியிருந்தார். அது எந்தக் கதவு, திறந்தது யார் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் போவது அவளுக்குச் சாதாரண விஷயமில்லை. எவ்வளவு மட்டமான படமாக இருந்தாலும் பெயர்கள் ஓடி முடிகிற வரை எழுந்திருக்காதவள் அவள்.

"கடைசி வரைக்கும் பார்த்துட்டு வாங்க" என்றாள். "தூங்கிடாதீங்க. வலப்பக்கம் உங்களது."

முகத்தைத் திரைக்கு எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, முழங்கால்களைத் தாண்டித் தாண்டி, சுவரைத் தடவி வெளியே வந்தாள்.

நடு மதியத்தில், ஓடிக்கொண்டிருக்கும் படத்துக்கு வெளியே, கூடம் இப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. ஒரு பெண் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தின்பண்டக் கவுண்டரில் இருந்தவன் கோப்பைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, கோபுரம் சாயவும் மறுபடி அடுக்கினான். மூடிய கதவுகளுக்குப் பின்னாலிருந்து நான்கு படங்களின் பின்னணி இசை ஒன்றாகக் கலந்து, எதுவும் எதுவென்று தெரியாமல் வந்தது. வெளியே வந்த அக்காவை எப்போதும் அத்தான் வண்டியோடு எதிர்கொண்டிருக்கிறார். கதை கேட்க ஓர் ஆள் தயாராக நின்றிருக்கிறார். இவளுக்கு முன்னால் ஒரு நீள சோபா மட்டும் இருந்தது.

"படம் பிடிக்கலையாம்மா?" என்றாள் தரை துடைப்பவள்.

"பிடிச்சிருக்கு."

"அப்புறம் ஏன் வெளிய வந்துட்டீங்க?"

"இவ்வளவுதான் என் பங்கு" என்றாள் இவள். துடைப்பவள் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு வாளியை நகர்த்திக்கொண்டு போனாள்.

சோபாவில் உட்கார்ந்து, பையிலிருந்து தாளை எடுத்து மடிமேல் வைத்தாள். நடுவில் கோடு கிழித்தாள். இடப்பக்கத்தில் முதல் வரியாக எழுதினாள்: 'மூத்தவள் இறந்துவிட்டாள். இனி இந்தப் பக்கத்தில் இளையவள் எழுதுவாள்.' படித்துப் பார்த்தாள். அதில் சேர்க்க வேறு ஒன்றும் இல்லை. அடுத்து அப்பா, அம்மா, தாடி, தொப்பி, ரவிக்கையின் பின்கழுத்து என்று போய்க்கொண்டே இருந்தாள். அக்காவின் வாக்கியம் ஒன்று குறுக்கே வந்தது. நல்ல வாக்கியம்தான். அதை எழுதாமல் விட்டுத் தன்னுடையதை எழுதினாள். சற்று நீளமாக இருந்தது.

கடைசிப் பத்தி வந்தது. இப்போது நிஜமாகவே அவளுக்குத் தெரியாது.

தொழில் அனுபவம் ஒன்று சொன்னது: அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவார், ஆஸ்பத்திரி வராந்தா, மகன் ரத்தம் கொடுப்பான். அக்கா இருந்தால் சொல்லியிருப்பாள்: அதெல்லாம் வேண்டாம், அப்பா அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுவிடுவார், முடிந்தது. அவள் இரண்டையும் எழுதவில்லை. லென்ஸைப் பார்த்த அந்த முகத்தை நினைத்துப் பார்த்தாள். அந்த ஆள் விழுகிற ஆள் இல்லை. கூப்பிடுகிற ஆளும் இல்லை. நேற்று அடுப்பைப் பார்த்துக்கொண்டு பேசிய அத்தானின் முதுகு நினைவுக்கு வந்தது.

'இந்த அப்பா மகனோடு பேசமாட்டார்' என்று எழுதத் தொடங்கினாள். 'கல்யாணம் முடிந்து எல்லோரும் போன பிறகு, சாமான்களைக் கட்டிக்கொண்டிருக்கும் போட்டோகிராபரிடம் போய், படங்கள் எப்போது கிடைக்கும் என்று கேட்பார். அடுத்த வாரம் என்று அவன் சொல்வான். யாரிடமும் கொடுத்தனுப்ப வேண்டாம், நீயே கொண்டுவா என்று'

கதவு திறந்தது. படத்தின் கடைசிப் பாட்டு உரக்க வெளியே வந்தது. கூட்டத்துக்கு முன்னால் அத்தான் வந்தார். கண் சிவந்திருந்தது. இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு, வேகவேகமாக அவளை நோக்கி நடந்தார்.

"குட்டி, அந்தக் கிழவன் என்ன பண்ணான் தெரியுமா? நீ நம்பவே மாட்ட, அவன்..."

"சொல்லாதீங்க!" அவள் இடக்கையால் தாளை மூடிக்கொண்டாள். "உக்காருங்க அத்தான். இன்னும் ரெண்டு வரி இருக்கு."

அத்தான் சோபாவின் மறுமுனையில் உட்கார்ந்தார். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, முழங்காலைத் தட்டியபடி, அவள் எழுதி முடிக்கக் காத்திருந்தார்.